பினாங்கில் புல்லுக்கு நைட்ரஜன்: யூரியாவா, எருவா, பிண்டோ கடலையா?

செபராங் பிறை பக்கம் மாடும் ஆடும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வருடம் முழுக்கத் தீராத கேள்வி ஒன்று உண்டு: புல்லுக்கு என்ன போடுவது? நட்ட முதல் வருடம் ஆளுயரத்துக்கு வந்த நேப்பியர் புல், அடுத்த வருடம் இடுப்புக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. அடியிலைகள் மஞ்சளாகிக் காய்கின்றன. யூரியா போடுங்கள் என்கிறார் ஒருவர். சொந்தக் கொட்டகைச் சாணம் இருக்கும்போது கடையில் எதற்குக் காசு என்கிறார் இன்னொருவர். கோழி எரு லோரியோடு வந்து இறங்கும், சொல்லவா என்று கேட்பவரும் உண்டு. யூடியூப் பார்த்துவிட்டு வந்த இளைஞர், தரையில் படரும் அவரை இனச் செடியான பிண்டோ கடலையை நடச் சொல்கிறார். எல்லாருமே பேசுவது நைட்ரஜனைப் பற்றித்தான். தோட்டத்துப் பழைய ஆட்கள் வாயில் அது தழைச்சத்து.

இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரே பண்ணையில் இரண்டு துண்டு நிலம் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பதில் வரும். முதலில் பார்க்க வேண்டியது, மாடு புல்லிடம் போகிறதா, புல் மாட்டிடம் வருகிறதா என்பதுதான். மேய்ச்சல் நிலமும் வெட்டிப் போடும் நிலமும் நைட்ரஜன் கணக்கில் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

வெட்டிப் போடும் நேப்பியரை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வெட்டி, வருடத்துக்குப் பத்து டன் காய்ந்த எடை எடுக்கிறோம் என்று வையுங்கள். நல்ல பராமரிப்பில் இது ஆகிற காரியம்தான். அந்தப் புல்லில் நைட்ரஜன் 1.6 விழுக்காடு என்றால், ஏக்கரை விட்டு வெளியே போவது 160 கிலோ நைட்ரஜன். யூரியா மூட்டையில் சொன்னால் 350 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஏழு. வெட்டிய புல்லோடு அது கொட்டகைக்குப் போய்விடுகிறது. திருப்பிக் கொண்டுவராவிட்டால் மண் ஒன்றிரண்டு வருடம் கையிருப்பில் தாக்குப்பிடிக்கும், அப்புறம் மஞ்சளடிக்கும்.

மேய்ச்சல் நிலத்தில் இந்தக் கதை இல்லை. மாடு தின்ற நைட்ரஜனில் முக்கால் பங்குக்கு மேல், சில நேரம் பத்தில் ஒன்பது பங்கு, சாணமாகவும் கோமியமாகவும் அங்கேயே விழுகிறது. பாலாகவும் இறைச்சியாகவும் போவது கொஞ்சம்தான். ஆக, மேய்ச்சல் நிலத்துக்காரர் நைட்ரஜனை வாங்குவதைவிட, இருப்பதை ஓடவிடாமல் பிடித்துவைப்பதில்தான் புத்தியைச் செலுத்த வேண்டும்.

மண்ணுக்குள் யார் என்ன செய்கிறார்கள்

ஒவ்வொரு உரத்தையும் எடைபோடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. நாம் போடுவதை முதலில் வாங்கிக்கொள்வது புல் அல்ல, நுண்ணுயிர்கள். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும் பாக்டீரியாக்களும், அவற்றைப் போன்ற ஆனால் வேறு இனமான ஆர்க்கியாக்களும், பூஞ்சைகளும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, செத்தும் பிறந்தும், மிச்சத்தை விடுகின்றன. சாணத்திலும் வேரிலும் புரதமாக இருக்கும் நைட்ரஜனை ஒரு கூட்டம் உடைத்து அமோனியம் ஆக்குகிறது. அமோனியத்துக்கு நேர் மின்னூட்டம் உண்டு. களிமண்ணும் மக்கிய பொருளும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவரை கவலையில்லை.

அடுத்த கூட்டம் அந்த அமோனியத்தை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. நைட்ரோசோமோனஸ் என்ற பாக்டீரியா முதல் படி, நைட்ரோபாக்டர் இரண்டாம் படி என்றுதான் நூறு வருடத்துக்கு மேல் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2005-இல்தான் அமோனியத்தை மாற்றும் ஆர்க்கியா ஒன்றைப் பிரித்து வளர்த்தார்கள், அதுவும் அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்துத் தொட்டி ஒன்றிலிருந்து. நைட்ரஜன் குறைந்த, அமிலத்தன்மை கூடிய மண்ணில் பாக்டீரியாவைவிட இந்த ஆர்க்கியாக்களுக்கே வேலை அதிகம் என்பது பின்னர் தெளிவானது. நம் மண்ணும் அப்படிப்பட்டதுதான். 2015-இல் இரண்டு படியையும் ஒற்றை ஆளாக முடிக்கும் நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா வகைகளும் அகப்பட்டன.

நைட்ரேட்டுக்கு எதிர் மின்னூட்டம். மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகும் வழியில் போகும். வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டர் பக்கமாக மழை கொட்டும் ஊரில் அது எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. கிணற்றுக்கும் ஓடைக்கும் போகும். தண்ணீர் தேங்கி, மண்ணில் காற்று இல்லாமல் போனால், இன்னொரு கூட்டம் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை உருவிக்கொண்டு மிச்சத்தை வாயுவாக விட்டுவிடுகிறது. அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு. நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

ஆகவே எந்த உரத்தையும் நான் ஒரு கேள்வி கேட்டுத்தான் எடைபோடுகிறேன்: இந்த நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி மழையில் போவதற்குள் புல்லுக்கு அகப்படுமா? மூட்டையில் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்கப்புறம்.

யூரியா

யூரியாவின் பலம் கண்கூடு. 100 கிலோவில் 46 கிலோ நைட்ரஜன். பக்கத்திலேயே, கெடா குரூனில், பெட்ரோனாஸ் ஆலை தயாரிக்கிறது. தூக்குவதும் தூவுவதும் சுலபம். “எரு கொட்டி மூணு மாசமாச்சுண்ணே, ஒண்ணும் தெரியல. யூரியா போட்டா ஒரே வாரத்துல கருகருன்னு வருது” என்று சொல்பவரிடம் சண்டை போட முடியாது. அவர் சொல்வது உண்மை.

அந்த வாரத்தில் தெரியாமல் நடப்பது ஒன்று இருக்கிறது. யூரியா மணி ஈர மண்ணில் விழுந்ததும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைக்கிறது. இந்த நொதியை விட்டுச்சென்ற நுண்ணுயிர் செத்துப்போனாலும் நொதி மண்ணில் வேலைசெய்துகொண்டே இருக்கும். வெட்டிய புல் தாளும் சருகும் கிடக்கும் மேல்பரப்பில் அது இன்னும் அதிகம். உடைந்த இடத்தில் காரத்தன்மை ஏறி, அமோனியா வாயுவாகப் பறக்கிறது. நம் வெயிலில், லேசான ஈரத்தில், மண்மேல் தூவிவிட்ட யூரியாவில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இப்படிப் போவது சகஜம். பனியீரம் மணியைக் கரைக்கும், உள்ளே இறக்காது. அதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் மழை நிதானமாகப் பெய்தால் நல்லது, உள்ளே இறங்கிவிடும். இடியோடு கொட்டும் மாலை மழை என்றால் மணியே வாய்க்காலுக்குப் போய்விடும். வானத்தைப் பார்த்துப் போடுவது என்பது இதுதான்.

இன்னொரு செலவு மெதுவாகத்தான் தெரியும். அமோனியம் நைட்ரேட்டாக மாறும்போதெல்லாம் மண்ணில் அமிலம் சேர்கிறது. 100 கிலோ யூரியா ஏற்படுத்தும் புளிப்பை ஆற்ற 80 கிலோ சுண்ணாம்பு வேண்டும். அமோனியம் சல்பேட் என்றால் இன்னும் மோசம், 100 கிலோவுக்கு 110 கிலோ சுண்ணாம்பு, அதுவும் பாதிக்கும் குறைவான நைட்ரஜனுக்கு. மலேசிய மண் ஏற்கெனவே அமில மண். சுண்ணாம்பு போடாமல் பத்து வருடம் யூரியா போட்டால் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும்.

இது நீண்டகாலத்தில் எங்கே போய் முடியும் என்று பார்க்க, இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-இல் தொடங்கிய பார்க் கிராஸ் சோதனை இருக்கிறது. லாஸும் கில்பர்ட்டும் ஒரு வைக்கோல் புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு உரம் என்று போடத் தொடங்கினார்கள். இன்றுவரை அது நிற்கவில்லை. ஒன்றும் போடாத பாத்தியில் நாற்பது வகைச் செடி வரை இருக்கிறது. வருடா வருடம் அமோனியம் சல்பேட் போட்டு, சுண்ணாம்பே காட்டாத பாத்தியில் மண்ணின் பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும் அளவு) நான்குக்குக் கீழே இறங்கி, இரண்டு மூன்று வகைப் புல்தான் மிச்சம். அங்கே மண்புழு இல்லை. செத்த புல் மக்காமல் மெத்தை மாதிரி படிந்து கிடக்கிறது. நைட்ரஜனைக் கொட்டிய இடத்தில் நைட்ரஜனைச் சுழலவைக்கும் ஆட்களே வேலையை விட்டுவிட்டார்கள். அதே நைட்ரஜனை சோடியம் நைட்ரேட்டாகப் போட்ட பாத்திகள் இப்படிக் கெடவில்லை. நைட்ரஜன் எந்த வடிவத்தில் வருகிறது, கூடவே அமிலம் சேர்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

சரி, யூரியாவே வேண்டாமா? வெட்டிப் போடும் நேப்பியருக்கு அதற்கு இடம் இருக்கிறது. வெட்டி ஒரு வாரம் கழித்து, புதுக் குருத்து விடும் நேரத்தில், ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல் போகாமல். எருவும் போடுபவர் என்றால் அரை மூட்டை. வருடத்துக்கு இரண்டு முறை மொத்தமாகக் கொட்டுவது மழைக்குப் போடும் காணிக்கை.

ஆட்டுக்காரர்களுக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கை. யூரியா மூட்டையைக் கொட்டகைப் பக்கம் வைக்காதீர்கள், உப்பென்று நக்கினால் உயிர் போகும். அதிகம் போட்ட நேப்பியரை, குறிப்பாக வறட்சிக்குப் பின் மழை பெய்த கையோடு, வெட்டிப் போடாதீர்கள். தண்டில் சேர்ந்திருக்கும் நைட்ரேட்டை இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றிவிடும். ரத்தம் சாக்லேட் நிறத்துக்குப் போய், மூச்சுத் திணறி விழும். உரம் போட்டு மூன்று நான்கு வாரம் விட்டு வெட்டுவது பாதுகாப்பு.

சொந்தக் கொட்டகை எரு

என் முதல் ஓட்டு இதற்குத்தான், ஆனால் எல்லாரும் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. சாணம் நல்லது என்பது நமக்குப் பாட்டி காலத்திலிருந்தே தெரியும். கணக்கைப் போட்டால் வேறொன்று தெரிகிறது.

ஒரு மாடு நாளுக்கு எட்டுக் கிலோ காய்ந்த எடைக்குச் சமமான புல் தின்கிறது என்றால், மேலே சொன்ன ஓர் ஏக்கர் நேப்பியர் மூன்று மாட்டுக்குச் சற்று அதிகமாகத் தாங்கும். அந்த மாடுகள் தின்ற 160 கிலோவில் 130 கிலோவாவது பின்னால் வந்துவிடுகிறது. அப்படியே திருப்பிக் கொண்டுபோனால் கடையில் வாங்கவேண்டியது மிகக் கொஞ்சம். ஆனால் அந்த 130-இல் ஏறக்குறைய பாதி கோமியத்தில் இருக்கிறது. நாம் சாணத்தை வாரிக் குவித்துவிட்டு, தரையைக் குழாயடித்துக் கழுவி, கோமியத்தைக் கால்வாயில் விடுகிறோம். ஒவ்வொரு ஏக்கருக்கும் 65 கிலோ நைட்ரஜன், கிட்டத்தட்ட மூன்று மூட்டை யூரியா, கால்வாயில் போகிறது. பிறகு அதே அளவைக் கடையில் வாங்குகிறோம். 2021, 2022-இல் உலகச் சந்தையில் யூரியா விலை ஏறியபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் கழுவும் தண்ணீரை நேப்பியர் வரப்புக்குத் திருப்பிவிட ஒரு சிறு வாய்க்கால் வெட்டினால் என்ன என்று யோசித்திருப்பார்கள். சரிவு இருந்தால் அதற்கு மண்வெட்டி போதும். ஒரே இடத்தில் விடாமல் நாள்தோறும் மடையை மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சரிவு இல்லாதவருக்குப் படுக்கை. வட செபராங் பிறையில் நெல் விளைகிறது, வைக்கோலும் உமியும் கிடைக்கும். தரையில் வைக்கோல் பரப்பினால் கோமியம் அதில் ஊறும். வைக்கோலின் கார்பனைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள், தங்கள் உடம்பைக் கட்ட நைட்ரஜன் வேண்டி அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும். கொட்டகையில் கண்ணெரியும் வாடை அடித்தால் அது பணம் பறக்கும் வாடை. வாடை குறைந்தால் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். மரத்தூளும் போடலாம், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. மரத்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நானூறு பங்கு கார்பன் கூட இருக்கும். இருபத்தைந்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டிவிட்டால் நுண்ணுயிர்கள் கொடுக்கும் ஆட்களாக இல்லாமல் வாங்கும் ஆட்களாக மாறிவிடும். மக்காத மரத்தூள் எருவைப் புல்லில் போட்டால் இருக்கிற பச்சையும் போவது இதனால்தான். எரு போட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்ன அண்ணனின் குவியலில் மரத்தூள் எவ்வளவு என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ஆட்டுக்காரருக்கு இந்த வேலை பாதி முடிந்தே கிடைக்கிறது. நம்மூர் ஆட்டுக் கொட்டகை பலகை இடைவெளி விட்ட மேடை. புழுக்கை கீழே விழுந்து குவியும். அந்தக் குவியலில் ஒரு குச்சியைக் குத்திக் கிளறினால், மேலே காய்ந்த கறுப்பு மணி, ஒரு சாண் கீழே வெதுவெதுப்பு, அதற்கும் கீழே மணிகளை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் வெள்ளை நூல். பூஞ்சை இழை. அந்த அடுக்கிலிருந்து எடுத்தால் வாடையே இருக்காது, மழை பெய்த மண் வாசம்தான். மாட்டுச் சாணத்தைவிடப் புழுக்கை காய்ந்தது, நைட்ரஜனும் கூடுதல். அதனால் தூக்குவதற்குச் சுலபம்.

தூக்குவது என்று சொன்னேனே, எருவின் உண்மையான குறை அதுதான். பாதி ஈரமுள்ள மக்கிய எருவில் நைட்ரஜன் முக்கால் விழுக்காடு இருந்தால், 160 கிலோவுக்கு 21 டன் எரு வேண்டும். ஏழு மூட்டை யூரியாவை ஒரு காலையில் ஒருவர் தூவிவிடலாம். 21 டன் எரு என்பது தள்ளுவண்டியோடு மாதக்கணக்கான வேலை. நேப்பியர் நிலம் கொட்டகையிலிருந்து தூரமாக இருப்பவருக்கு எரு மலிவு என்று சொல்வது கூலியை மறந்த பேச்சு. தூரத் துண்டுக்கு யூரியாவைக் கொஞ்சம் கூட்டியும், கொட்டகையை ஒட்டிய துண்டுக்கு எருவை முழுதாகவும் கொடுப்பதுதான் நடைமுறை.

எருவில் இன்னொரு சௌகரியம், நைட்ரஜன் ஒரேயடியாக வெளிவருவதில்லை. சீட்டுப் பிடிப்பது மாதிரி, நுண்ணுயிர்கள் வாங்கி வைத்து மாதா மாதம் கொஞ்சம் விடுகின்றன. ஒரு பெருமழையில் மொத்தமும் போய்விடாது. அதோடு மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) திரும்புகின்றன. யூரியா மட்டும் போட்டு நேப்பியர் வெட்டுபவர் இவற்றைத் திருப்பாமல் உருவிக்கொண்டே இருக்கிறார்.

கோழி எருவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நைட்ரஜன் மாட்டெருவைவிடக் கூடுதல், வேலை செய்யும் வேகம் யூரியாவுக்குப் பக்கம், இழப்பும் அப்படியே. பச்சையாக இறக்கினால் ஈயும் வாடையும் வரும், தாமான் குடியிருப்பு வீடுகள் பக்கத்தில் இருந்தால் புகாரும் வரும். மணியாக உருட்டிப் பதப்படுத்தியது என்றால் வாங்கலாம், அதுவும் சொந்த எரு போதாதவர்.

காற்றிலிருந்து எடுப்பவை

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். காசில்லை, ஆனால் அதன் மூன்று பிணைப்பை உடைப்பது லேசில்லை. ஒரு மூலக்கூறை அமோனியாவாக்க பாக்டீரியா, உயிரணுவின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறுகள் 16-ஐச் செலவழிக்கிறது. உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால்தான் அவரை இனச் செடிகள் வேரில் முடிச்சு கட்டி, உள்ளே ரைசோபியம் என்ற பாக்டீரியாவைக் குடிவைத்து, சர்க்கரை கொடுத்து, ஆக்சிஜனை அளந்து விடுகின்றன.

இதைப் பார்க்கக் கடைக்குப் போக வேண்டாம். நம் மேய்ச்சல் தரையில் கால்வைத்த இடமெல்லாம் தொட்டாற்சிணுங்கி இருக்கிறது. மழை பெய்த மறுநாள் ஒன்றை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். குண்டூசித் தலை அளவில், சில கிளைவிட்டு, முடிச்சுகள் தொங்கும். நகத்தால் பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் தாயாதிதான் அந்தச் சிவப்பு, அதுதான் ஆக்சிஜனை அளப்பது. சிவப்பு என்றால் வேலை நடக்கிறது, வெள்ளை என்றால் சும்மா குடியிருக்கிறது, பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துபோனது. தொட்டாற்சிணுங்கியின் முடிச்சில் பெரும்பாலும் இருப்பது வழக்கமான ரைசோபியமும் அல்ல. 2001-இல்தான் ரைசோபியத்துக்குத் தூரத்து உறவான வேறு பாக்டீரியாக்களும் முடிச்சு கட்டும் என்று தெரியவந்தது, அவற்றில் ஒன்றுக்குத் தைவான் பெயரையே வைத்தார்கள். அமில மண்ணில் தொட்டாற்சிணுங்கி கூசாமல் வளர அந்தக் கூட்டாளிகளும் ஒரு காரணம். முள்ளைத் திட்டிக்கொண்டே நாம் பிடுங்கிப் போடும் செடி, சும்மா கிடக்கும் தரைக்கு நைட்ரஜன் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதற்காக அதை வளர்க்கச் சொல்லவில்லை. முள்ளில்லாத உறவுகள் இருக்கின்றன.

கித்தா (ரப்பர்) தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. இளம் மரங்களுக்கு நடுவே புவெராரியா, சென்ட்ரோசீமா, கலபகோனியம் என்று கொடி படரவிட்டது மண்ணை மூட மட்டுமல்ல, நைட்ரஜனுக்கும்தான். இவற்றில் முதல் இரண்டை மாடு விரும்பித் தின்னும். கலபகோனியத்தின் சுணை அதற்குப் பிடிக்காது. மேய்ச்சல் தரைக்கு இன்று என் தேர்வு பிண்டோ கடலை. சாலையோரங்களில் மஞ்சள் பூவோடு தரையை மூடியிருக்கும் அதே செடி. மிதிபடும், மேயப்படும், மறுபடி தழைக்கும். மழை தொடங்கும் ஏப்ரல் மே, அல்லது செப்டம்பரில் தண்டை வெட்டி நட்டால் போதும். அவரை இனங்களுக்குப் பொதுவான ஒரு கணக்கு உண்டு: ஒரு டன் காய்ந்த தழைக்கு 20 முதல் 25 கிலோ நைட்ரஜன் காற்றிலிருந்து. ஏக்கருக்கு ஒன்றரை டன் பிண்டோ வளர்ந்தால் 30 கிலோவுக்கு மேல். மேய்ச்சல் நிலம் இழப்பதை ஈடுகட்ட இது தாராளம். நேப்பியர் இழக்கும் 160-க்கு இது காணாது, ஆளுயரப் புல்லின் நிழலில் பிண்டோ அந்த அளவு வளரவும் வளராது.

இங்கேதான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பிண்டோவும் நட்டு, யூரியாவும் தூவுகிறார்கள். மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி எதற்குச் சர்க்கரை செலவழித்து முடிச்சு கட்டும்? கட்டாது. போதாக்குறைக்குப் புல் யூரியாவைத் தின்று உயர்ந்து பிண்டோவை அமுக்கிவிடும். ஒரே துண்டில் இரண்டும் வேண்டாம். பிண்டோவுக்குக் கொடுக்கவேண்டியது மணிச்சத்தும், ஏக்கருக்கு அரை டன் போல ஜிஎம்எல் சுண்ணாம்பும் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்). மண்ணின் புளிப்பு குறைந்தால் முடிச்சு நன்றாக வேலை செய்யும்.

நேப்பியர்காரருக்கு அவரை இனம் வேலியில்தான். கிளைரிசிடியா போத்து நட்டால் வேலிக்கு வேலி, தழைக்குத் தழை. அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அகத்தி மரம் இருக்கவே இருக்கிறது, அதுவும் இந்த வேலைதான் செய்கிறது. சவுண்டல் (சூபாபுல்) மரம் மட்டும் ஜாக்கிரதை. அதில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் அதை முறிக்கும் பாக்டீரியா இருப்பதைக் கண்டு, 1980-களில் ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துச் சென்று அங்குள்ள மாடுகளுக்கு ஊட்டினார்கள். நம் ஆட்டுக்கு அது இருக்கிறதா என்று சோதிப்பதைவிட, மொத்தத் தீனியில் கால் பங்குக்குள் வைத்துக்கொள்வது லேசு.

புல்லையே மாற்றுவது

அதிகம் பேசப்படாத ஒரு வழி இது. ஹியுமிடிகோலா என்ற பிராக்கியாரியா வகைப் புல், வேரிலிருந்து ஒரு பொருளைக் கசியவிட்டு, அமோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களின் நொதியையே முடக்குகிறது. அந்தப் பொருளை 2009-இல் ஜப்பானிய, கொலம்பிய ஆய்வு நிலையங்கள் சேர்ந்து அடையாளம் கண்டு பிராக்கியாலாக்டோன் என்று பெயரிட்டன. மழை ஊரில் இதன் அர்த்தம் புரிகிறதா? நைட்ரஜன் அமோனியமாகவே மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அமில மண், தேங்கும் தண்ணீர் இரண்டையும் இந்தப் புல் தாங்கும். குறை, புரதம் கொஞ்சம் கம்மி. ஆனால் இதன் அடர்த்தியான பின்னலுக்குள் நுழைந்து பிழைக்கக்கூடிய சில அவரை இனங்களில் பிண்டோ ஒன்று, அது புரதத்தை ஈடுகட்டிவிடும். மேய்ச்சல் தரைக்கு இந்த ஜோடியைத்தான் நான் சொல்வேன். இதே குடும்பத்து சிக்னல் புல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாட்டுக்குப் பரவாயில்லை, செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் கல்லீரலைக் கெடுத்து, வெயிலில் தோல் புண்ணாகும்.

பாக்கெட்டில் வரும் அசோஸ்பைரில்லம் உயிர் உரத்தைப் பற்றியும் கேட்பார்கள். பிரேசிலில் யோஹன்னா டொபரைனர் செய்த ஆய்வுகள் இந்த பாக்டீரியாவைப் புகழ்பெற வைத்தன. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் பழக்கமானதுதான். புல் வேரை ஒட்டி வாழும், கொஞ்சம் நைட்ரஜனும் பிடிக்கும், அதைவிட வேர் வளர்ச்சியைத் தூண்டுவதில்தான் அதன் பலன். கூடுதலாக இருக்கட்டும் என்று போடலாம், யூரியாவுக்கோ எருவுக்கோ மாற்றாக அல்ல. சூடான கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் உயிரோடு எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் லாலாங் புல்லைக் கொளுத்துவதையும் சிலர் உரம் என்று கணக்கில் சேர்க்கிறார்கள். எரித்த இடம் பச்சை பிடிப்பது உண்மை, சாம்பல் புளிப்பை ஆற்றி சாம்பல்சத்தைத் தருகிறது. தழையில் இருந்த நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. இந்தப் பட்டியலிலேயே சேராத வழி.

மேய்ச்சல் தரையில் காசில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கோமியம் விழுந்த இடம் வட்டமாகக் கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வட்டத்துக்குள் விழுவது ஹெக்டருக்கு 500 கிலோ நைட்ரஜனுக்கும் மேலான அடர்த்தி. புல்லால் அவ்வளவையும் தின்ன முடியாது, மிச்சம் ஓடுகிறது. மாடுகள் படுப்பதும் நிற்பதும் ஒரே மர நிழல், ஒரே தண்ணீர்த் தொட்டி என்றால், தரை முழுக்க மேய்ந்த நைட்ரஜன் அந்த மூலைக்குக் குடிபெயர்ந்துவிடும். தொட்டியையும் உப்புக் கட்டியையும் வெளிறிக் கிடக்கும் பக்கமாக அடிக்கடி நகர்த்துங்கள்.

கடைசியாக, நிலம் யாருடையது என்பது. பல கொட்டகைகள் தற்காலிக உரிமத்திலோ, வாய்ப்பேச்சு வாடகையிலோ நிற்கின்றன, தென் செபராங் பிறையில் பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் தொழிற்பேட்டையும் தாமானும் வரும் வேகம் தெரிந்ததே. சுண்ணாம்பும் பிண்டோவும் ஹியுமிடிகோலாவும் பலன் தர இரண்டு மூன்று வருடம் வேண்டும். அவ்வளவு நாள் உறுதியுள்ளவர் மேய்ச்சல் தரையில் அதைச் செய்யட்டும், நேப்பியருக்கு எருவும் வெட்டுக்கு அரை மூட்டை யூரியாவும். அடுத்த வருடமே காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையில் இருப்பவர் சுண்ணாம்புக்குச் செலவழிக்க வேண்டாம். கோமிய வாய்க்காலை வெட்டிக்கொண்டு, மிச்ச எருவை மூட்டை கட்டிக் கூரைக்கடியில் வைத்துக்கொள்வது போதும். பிண்டோ வேண்டுமென்றால் நாற்றுப் பையில் வளர்க்கலாம், லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.